லொக்கருக்குள் இருந்த போன்

மட்டக்களப்பு மாவட்டம் களுவாஞ்சிகுடியிலிருந்து ஓர் ஆசிரியை எழுதிய கடிதம் இது. பெயர் போட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். நீளமான கடிதம் என்பதால் தேவையான பகுதியை மட்டும் அவருடைய வார்த்தைகளிலேயே தருகிறேன்.

"டொக்டர், என் தம்பி இங்கிலாந்தில் ஒரு வைத்தியசாலையின் அவசர சிகிச்சைப் பிரிவில் வைத்தியனாக வேலை செய்கிறான். கொரோனா வந்த 2020இலும் அங்கேதான் இருந்தான். அந்த வருடம் ஏப்ரல் 11ஆம் திகதி இரவு பதினொன்றரை போல் அப்பாவுக்கு நெஞ்சு நோவு வந்தது. வியர்த்துக் கொட்டியது. ஊரடங்கு நேரம். வாய்வு என்று நினைத்துச் சோடா கொடுத்தேன். தம்பிக்குப் பன்னிரண்டு மணிக்கும் ஒரு மணிக்கும் போன் எடுத்தேன். அவன் எடுக்கவில்லை. விடிய நாலு மணிக்கு அப்பா போய்விட்டார். நாலரைக்குத் தம்பி திருப்பி எடுத்தான். அன்று பின்னேரமே பொலிஸ் அனுமதியோடு கொஞ்சப்பேர் சேர்ந்து அடக்கம் செய்தோம். என் மகன் போனைப் பிடித்துக்கொண்டு நிற்க, தம்பி வாட்ஸப்பில் பார்த்தான். மண் போடுகிற நேரம் சிக்னல் போய்விட்டது.

இப்போதுதான் முதல் தடவையாக ஐந்து வார லீவில் வந்து நிற்கிறான். கதைப்பதில்லை. இரவில் நித்திரை இல்லை. விடிய பாண் விற்கிற ஓட்டோ பாட்டுப் போட்டுக்கொண்டு வந்தால் எழும்பி அறைக்குள் போய்விடுகிறான். பெரிய மாமா வீட்டில், 'ஆம்பிளப் பிள்ளை இருந்தும் மருமகன்தானே எல்லாம் செய்தது' என்று அவன் முன்னாலேயே சொன்னார்கள். அவசர சிகிச்சை வேலையை விடப் போகிறானாம். இது ஒரு வருத்தமா? அந்த நாட்களைப் பற்றி நான் அவனிடம் கேட்க வேண்டுமா, கேட்காமல் விடுவதா? வேலையை விடாதே என்று சொல்லவா? சோடா கொடுத்ததை அவனிடம் இதுவரை நான் சொல்லவில்லை."

என்னைவிட இளையவர் என்று கடிதத்தில் தெரிகிறது. அதனால் தங்கச்சி என்றே எழுதுகிறேன்.

தங்கச்சி, கேள்வி எல்லாம் கேட்டு முடித்த பிறகு, கேள்விக்குறி இல்லாமல் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். அதற்குக் கட்டாயம் வருவேன். முதலில் அந்த இரண்டு போன் அழைப்புகளைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்த ஏப்ரல் மாதம் நானும் இங்கிலாந்தில் ஓர் அவசர சிகிச்சைப் பிரிவில்தான் நின்றேன். நம் நாட்டில் விசேட வைத்தியராக வேண்டுமென்றால் எம்.டி. பரீட்சை முடித்த பிறகு ஒரு காலம் வெளிநாட்டில் பயிற்சி பெற வேண்டும். 2019 கடைசியில் ஆரையம்பதியில் இருந்து பெட்டி கட்டிக்கொண்டு போனேன். வடக்கு இங்கிலாந்தில் ஒரு நடுத்தர நகரம். ஒரு வருடம் என்று போனவன் 2021 பெப்ரவரியில்தான் திரும்பி வந்தேன்.

ஏப்ரலில் அவர்களுக்கும் நமக்கும் நாலரை மணித்தியால வித்தியாசம். நீங்கள் பன்னிரண்டு மணிக்கு எடுத்தபோது அங்கே இரவு ஏழரை. ஒரு மணிக்கு எடுத்தபோது எட்டரை. அவன் திருப்பி எடுத்த நாலரை அங்கே நள்ளிரவு பன்னிரண்டு. பின்னேரம் தொடங்கும் பணி பல இடங்களில் பன்னிரண்டுக்குத்தான் முடியும். பணி முடித்து, உடுப்பைக் களைந்து, கையைக் கழுவி, லொக்கரைத் திறந்த கையோடு உங்களுக்கு எடுத்திருக்கிறான். இடையில் ஒரு மிடறு தண்ணீர் குடித்திருப்பானோ தெரியாது.

போன் ஏன் லொக்கருக்குள்? கொரோனா நோயாளிகள் படுத்திருக்கும் பகுதிக்குள் போவதென்றால் முதலில் முகத்தோடு ஒட்டிப் பிடிக்கும் மாஸ்க். அது சரியாகப் பொருந்துகிறதா என்று முன்கூட்டியே பரிசோதித்திருப்பார்கள். தாடி இருந்தால் பொருந்தாது. அதன் மேல் கண்ணாடித் திரை, நீளக் கவுன், இரண்டு சோடிக் கையுறை. எல்லோரும் ஒரே மாதிரித் தெரிவதால் மார்பில் மார்க்கர் பேனையால் பெயர் எழுதுவோம். என் பெயர் அவர்களுக்கு நீளம் என்று ஒரு தாதி முதல் மூன்று எழுத்தோடு நிறுத்திவிட்டார். கழற்றுவதற்கும் ஒரு வரிசை உண்டு: கையுறை, கை கழுவல், கவுன், திரை, கடைசியாக வெளியே வந்துதான் மாஸ்க். அந்த வரிசை பிசகினால் நோயை நாமே மூக்கில் தேய்த்துக்கொள்வது போலத்தான். அந்த வாரங்களில் இங்கிலாந்தில் கொரோனாவால் இறந்த முதல் பத்து வைத்தியர்களும் வெள்ளையர் அல்லாதவர்கள் என்ற செய்தி எங்கள் எல்லோருடைய போனிலும் சுற்றியது. நம்மைப் போல் வெளியிலிருந்து போனவர்களுக்கு அதை வாசித்துவிட்டு மாஸ்க்கைக் கட்டும்போது கை கொஞ்சம் இறுகும். ஆக, போன் சத்தம் கேட்டு வெளியே ஓடிவருகிற வேலை அது இல்லை. சத்தம் கேட்கும் தூரத்தில் போன் இருந்ததும் இல்லை.

அந்தத் திகதியையும் பாருங்கள். கொரோனாவோடு தீவிர சிகிச்சைப் பிரிவுவரை போன அந்த நாட்டின் அன்றைய பிரதமர் பொரிஸ் ஜோன்சன் வைத்தியசாலையை விட்டு வெளியே வந்தது ஏப்ரல் 12. உங்கள் அப்பாவை அடக்கம் செய்த அதே நாள். முதல் அலையின் உச்சி அந்த வாரம். பிரித்தானியாவில் ஒரு நாளைக்கு ஆயிரத்தை ஒட்டிச் சாவு.

இனி, ஏழரைக்கும் எட்டரைக்கும் அவன் என்ன செய்துகொண்டிருந்திருப்பான் என்பது. அவனுடைய கதை எனக்குத் தெரியாது, என்னுடையதைச் சொல்கிறேன். யாரையும் பார்வையிட விடமாட்டார்கள். அம்புலன்ஸ் வீட்டுக்குப் போனால் மனைவியை வாசலிலேயே விட்டுவிட்டுக் கணவனை மட்டும் ஏற்றிக்கொண்டு வரும். அந்த மனைவிக்குப் போன் எடுத்து நிலைமையைச் சொல்வது எங்கள் வேலை. ஒருவர் வந்தார், அறுபது வயது இருக்கும். இரத்தத்தில் ஒட்சிசன் அளவு 94க்கு மேல் இருக்க வேண்டும், அவருக்கு 76. வழமையாக அந்த அளவில் ஆள் மூச்சுக்குத் திணறி மயங்கும் நிலையில் இருப்பார். இவர் கட்டிலில் சாய்ந்திருந்து மனைவிக்கு மெசேஜ் அடித்துக்கொண்டிருந்தார். இந்த நோயின் விசித்திரமே அதுதான். உடம்பு மூழ்கிக்கொண்டிருப்பது ஆளுக்குத் தெரியாது. தொண்டைக்குள் குழாய் போட்டுச் சுவாச இயந்திரத்தில் விட வேண்டும் என்று முடிவானதும், ஒரு நிமிடம் வீட்டோடு கதையுங்கள் என்று சொன்னோம். அந்த ஒரு நிமிடத்தில் அவர் மனைவிக்குச் சொன்னது, தோட்டத்துக் கொட்டில் சாவி எந்த ஆணியில் தொங்குகிறது என்று. வேறொன்றும் சொல்லவில்லை. பிறகு என்னைப் பார்த்துப் பெருவிரலை உயர்த்திக் காட்டினார்.

அவர் பிழைத்தாரா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. அவசர சிகிச்சைக்காரருக்கு எல்லாக் கதையும் பாதிதான். மேல் மாடிக்கு அனுப்பிவிட்டு அடுத்த ஆளைப் பார்ப்போம். முதல் வாரங்களில் இயந்திரத்துக்குப் போனவர்களில் பாதிக்கு நெருக்கமானோர் மீளவில்லை. அதனால் அந்தச் சாவிக்கு இரண்டு முடிவும் சரிசமம் என்று வைத்துக்கொண்டிருக்கிறேன்.

இன்னொன்று. நோய் புதிது என்பதால் நாங்கள் செய்த வைத்தியமும் மாதத்துக்கு மாதம் மாறியது. மார்ச்சில் சீக்கிரமே குழாய் போடச் சொன்னார்கள். பிறகு, முடிந்தவரை முகமூடியால் அழுத்தத்தோடு ஒட்சிசன் கொடுத்து, ஆளைக் குப்புறப் படுக்க வைத்துப் பாருங்கள் என்றார்கள். ஜூன் 16ஆம் திகதி டெக்ஸாமெதசோன் பற்றிய செய்தி வந்தது. நம் ஊர் மருந்துக் கடையிலும் சில்லறைக் காசுக்குக் கிடைக்கிற பழைய மருந்து அது. இயந்திரத்தில் இருப்பவர்களில் அது மூன்றில் ஒரு பங்கு சாவைக் குறைக்கிறது என்று ஒக்ஸ்போர்ட் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். எல்லோரும் சந்தோஷப்பட்டோம். அன்று இரவு அறைக்குப் போன பிறகு ஏப்ரல் மாதத்து முகங்கள் வந்து வரிசையில் நின்றன. அப்போது அலமாரியில் அந்த மருந்து இருந்ததுதானே. உங்கள் தம்பிக்கும் இப்படி ஒரு வரிசை இருக்கும்.

நமக்கு அனர்த்தம் புதிதில்லை. 2004 மார்கழியில் கடல் வந்தது. 2019 உயிர்த்த ஞாயிறு அன்று மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தது. அவை ஒரே காலையில் எல்லாவற்றையும் கொண்டுவந்து கொட்டின. ஊரே ஓடிவந்து தூக்கியது. அழுவதற்கு ஆள் பக்கத்தில் இருந்தது. அங்கே நடந்தது வேறு மாதிரி. ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாக, மாதக் கணக்கில், ஆட்கள் தனித்தனியாக வந்து தனித்தனியாகப் போனார்கள். பணி முடிந்து போனால் அறையில் நாமும் தனி. வியாழக்கிழமை இரவு எட்டு மணிக்கு ஊர் முழுக்க வாசலில் நின்று எங்களுக்காகக் கைதட்டுவார்கள், சட்டி பானையைத் தட்டுவார்கள். நல்ல மனதோடுதான் செய்தார்கள். எனக்கு என்னவோ அந்த நேரம் ஜன்னல் திரையை இழுத்துவிட வேண்டும் போல இருக்கும்.

சரி, உங்கள் அப்பாவுக்கு வருவோம். அந்த ஏப்ரலில் எங்களைப் பயமுறுத்திய ஒரு விஷயம் வெளியே பலருக்குத் தெரியாது: காத்திருக்கும் பகுதியின் கதிரைகள் வெறுமையாகக் கிடந்தன. இங்கிலாந்து முழுக்க அவசர சிகிச்சைப் பிரிவுகளுக்கு வந்தவர்களின் தொகை முந்தைய வருட ஏப்ரலின் பாதிக்கும் கீழே இறங்கியது. கை முறிந்தவர்கள் குறைந்தது விளங்குகிறது, வெளியே போனால்தானே விழுவார்கள். மாரடைப்பு எங்கே போனது? பாரிசவாதம் எங்கே போனது? பணி மாறும் நேரம் இதைத்தான் கேட்டுக்கொள்வோம். பதில் எங்களுக்குத் தெரிந்திருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போனால் கொரோனா தொற்றும், வைத்தியர்களுக்குத் தொந்தரவு கொடுக்கக் கூடாது என்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஆட்கள் வீட்டிலேயே இருந்தார்கள். சிலர் இரண்டு நாள் கழித்து, இருதயம் பாதி செத்த பிறகு வந்தார்கள். சிலர் வரவே இல்லை.

உங்கள் தம்பி அந்த வெறும் கதிரைகளைப் பார்த்துக்கொண்டுதான் அன்று வேலை செய்திருப்பான். அப்படி வராமல் போனவர்களில் ஒருவர் களுவாஞ்சிகுடியில் இருந்தார் என்பது அவனுக்கு லொக்கரைத் திறந்த பிறகுதான் தெரிந்தது. என் கணிப்பில் அவனை அரிப்பது இதுதான். அன்று அங்கே நெஞ்சு நோவோடு ஒரு கிழவர் வந்திருந்தால் பத்து நிமிடத்தில் ஈசிஜி எடுத்திருப்பான்.

இனி உங்கள் சோடா. உங்களை ஆறுதல்படுத்துவதற்காகப் பொய் சொல்ல மாட்டேன், பொய் என்று தெரிந்தால் மற்றதையும் நம்ப மாட்டீர்கள். இருதயத்தின் அடிப்பக்கத்துக்குப் போகும் இரத்தக் குழாய் அடைத்தால் நோவு மேல்வயிற்றில் எரிவு மாதிரி வரும், ஏப்பம் வரும், சத்தி வரும். அதை வாய்வு என்று நினைத்துக் குளிசை போட்டுக்கொண்டு படுத்த வைத்தியர்களை எனக்குத் தெரியும். வியர்த்துக் கொட்டியது என்ற ஒன்றுதான் எச்சரிக்கை. அது வைத்தியம் படித்தவர்களுக்கே பல நேரம் தவறிப்போகிற எச்சரிக்கை. சோடா உங்கள் அப்பாவை ஒன்றும் செய்யவில்லை. தாமதம்தான் செய்தது. அந்தத் தாமதத்தில் உங்கள் பங்கு, ஊரடங்கின் பங்கு, கொரோனாப் பயத்தின் பங்கு, 'விடியட்டும் பார்ப்போம்' என்று கட்டாயம் சொல்லியிருக்கக்கூடிய அப்பாவின் பங்கு என்று பிரித்துக் கொடுக்க ஒருவராலும் முடியாது. பன்னிரண்டு மணிக்கே ஆதார வைத்தியசாலைக்குக் கொண்டுபோயிருந்தால் பிழைத்திருக்கலாம். கொண்டுபோயும் போயிருக்கலாம், மாரடைப்புச் சாவுகளில் பெரும்பகுதி முதல் சில மணித்தியாலங்களிலேயே நடக்கிறது. இரண்டும் உண்மை. மருந்து ஏற்றிக்கொண்டிருக்கும்போதே என் கண் முன்னால் போனவர்கள் இருக்கிறார்கள்.

(இதை வாசிக்கும் மற்றவர்களுக்கு: நெஞ்சிலோ மேல்வயிற்றிலோ நோவு வந்து வியர்த்தால், பதினைந்து நிமிடத்தில் அடங்காவிட்டால், சோடா, இஞ்சித் தண்ணீர், ஓமத் தண்ணீர் ஒன்றும் வேண்டாம். 1990க்கு எடுங்கள். அம்புலன்ஸ் இலவசம், ஊரடங்கிலும் வரும். ஒவ்வாமையோ இரத்தக் கசிவோ இல்லாதவராக இருந்தால் 300 மில்லிகிராம் அஸ்பிரினைச் சப்பி விழுங்கச் சொல்லுங்கள். நடக்க விடாதீர்கள்.)

தம்பியிடம் கேட்பதா விடுவதா என்றால், எத்தனை பேர் செத்தார்கள், பயமாக இருந்ததா, எப்படிச் சமாளித்தாய் என்று கேட்காதீர்கள். ஐந்து வருடமாக எல்லோரும் கேட்பது அதைத்தான். அவனிடம் அதற்கு ஒரு மனப்பாடப் பதிலும் இருக்கும். கேட்பதற்கு முன்னால் நீங்கள் சொல்லுங்கள். அந்த இரவைப் பற்றி அவனிடம் இருப்பது தவறிய இரண்டு அழைப்புகளும் ஒரு மரணச் செய்தியும்தான். இடையில் உள்ளதை எல்லாம் அவனே கற்பனையில் நிரப்பி வைத்திருக்கிறான். எனக்குத் தெரிந்தவரை வைத்தியர்களின் கற்பனை மற்றவர்களுடையதைவிடக் கொடூரமானது, அவர்களுக்கு உடம்பின் உள்பக்கமும் தெரியும்.

அவனை ஒரு பின்னேரம் வாவிக்கரைப் பக்கம் கூட்டிப்போய், நேரத்தோடு சொல்லுங்கள். பதினொன்றரைக்கு நோவு. எங்கே கை வைத்துக் காட்டினார். எப்போது வியர்த்தது. எப்போது சோடா. பன்னிரண்டுக்கு உனக்கு எடுத்தேன். கடைசியாக அப்பா என்ன சொன்னார். அவன் முதலில் வைத்தியனாகத்தான் கேட்பான்: சத்தி எடுத்தாரா, மூச்சு வாங்கியதா, இடது கைக்கு நோவு போனதா என்று. கோபித்துக்கொள்ளாமல் ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லுங்கள். நாங்கள் துக்கத்துக்குள் போகும் வாசல் அதுதான், வேறு வாசல் எங்களுக்குப் பழக்கமில்லை. நடுவில் ஓர் இடத்தில் அவன் கேள்வியை நிறுத்துவான். அப்போது, 'அந்த நேரம் நீ யாரோடு நின்றாய்?' என்று ஒரேயொரு கேள்வி கேளுங்கள். ஓர் ஆள் இருப்பார். கொட்டில் சாவிக்காரர் மாதிரி ஓர் ஆள்.

சோடாவை மறைக்காதீர்கள். நீங்கள் அதை அவனிடமிருந்து மறைத்து வைத்திருக்கிறீர்கள், போன் எடுக்காத குற்ற உணர்வை அவன் உங்களிடமிருந்து மறைத்து வைத்திருக்கிறான். ஒரே வீட்டுக்குள் இரண்டு பேரும் ஆளுக்கொரு மூலையில் தாங்கள்தான் அப்பாவைக் கொன்றோம் என்று நினைத்துக்கொண்டு சோறு சாப்பிடுகிறீர்கள்.

வீடு என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். நம் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்கு. அப்பா அம்மா கடைசிக் காலத்தில் மகளோடுதான். ஆண்பிள்ளை கலியாணம் செய்தால் பெண் வீட்டுக்குப் போகிறவன். நல்ல வழக்கம்தான், நானும் அப்படித்தான் போனேன். ஆனால் அப்பா போன பிறகு மகன் வந்து நிற்கும் வீடு அவனுக்கு அக்கா வீடு. அப்பாவின் கதிரை இருக்கிற, அப்பா இல்லாத இன்னொருவர் வீடு. விருந்தாளியாக நிற்பவன் சத்தமாக அழ மாட்டான்.

மாமா வீட்டாருக்குப் பதில் சொல்ல வேண்டியவர் உங்கள் கணவர். நீங்கள் சொன்னால் தம்பிக்கு வக்காலத்து என்பார்கள். 'கட்டுநாயக்கா விமான நிலையத்தைப் பூட்டியது மார்ச் 19. அந்த நேரம் ஜனாதிபதியின் பிள்ளை அங்கே இருந்தாலும் வந்திருக்க முடியாது. மச்சானுடைய கடமையை மச்சானுக்காகத்தான் நான் செய்தேன்' என்று அவர், தம்பி பக்கத்தில் இருக்கும்போது, பெரிய மாமாவின் முற்றத்தில் ஒரு தடவை சொன்னால் போதும்.

இது வருத்தமா என்ற கேள்வி. கடிதத்தை வைத்து நோய்க்குப் பெயர் வைக்க மாட்டேன். ஆனால் ஐந்து வருடம் கழித்தும் நித்திரை இல்லை, ஊருக்கு வராமல் தள்ளிப்போட்டிருக்கிறான், ஒரு சத்தத்தைக் கேட்டு விலகிப் போகிறான் என்றால், நெருக்கீட்டுக்குப் பின்னான மனவடு நோயா என்று ஒரு மனநல வைத்தியர் பார்த்தே ஆக வேண்டும். பாண் ஓட்டோவைப் பற்றி நான் நினைப்பது இது: மருத்துவ இயந்திரங்கள் சிலவற்றின் அபாய ஒலி 'பீப்' என்று ஒற்றைச் சத்தமாக இருக்காது, நாலைந்து சுரம் சேர்ந்த சின்ன மெட்டாக இருக்கும். இலத்திரனியல் பாட்டு ஒன்று தூரத்தில் தொடங்கிக் கிட்டக் கிட்ட வந்தால், காது அதைப் பாண் என்று எடுத்துக்கொள்ளாது. எனக்குச் சத்தம் வேறு. முகமூடியால் அழுத்தமாக ஒட்சிசன் கொடுக்கும்போது விடுதி முழுக்க ஒரு இரைச்சல் இருக்கும், மின்விசிறியை ஐந்தில் வைத்த மாதிரி. ஊருக்கு வந்து நாலு மாதம் மின்விசிறியை நிறுத்திவிட்டுத்தான் படுத்தேன். சித்திரை மாதம், மட்டக்களப்பு வெக்கை. மனைவி ஒரு கிழமை பொறுத்துப் பார்த்தாள். மறுகா தலையணையைத் தூக்கிக்கொண்டு தாய் அறைக்குப் போய்விட்டாள். கடைசியில் என்னை மனநல வைத்தியரிடம் அனுப்பியது அந்த மின்விசிறிதான்.

அதற்கு நல்ல சிகிச்சை உண்டு. நடந்ததை ஒழுங்காக, பாதுகாப்பாக, திரும்பத் திரும்பச் சொல்ல வைத்து அதன் விஷத்தை இறக்கும் முறைகள். குளிசை எல்லோருக்கும் தேவைப்படாது. தம்பி பயப்படுவது பெரும்பாலும் மனநல வைத்தியரிடம் போனால் பதிவு போய்விடுமா, வேலையிடத்தில் தெரிந்துவிடுமா என்றுதான் இருக்கும். எங்கள் தொழிலில் எல்லோருக்கும் உள்ள பயம். இங்கிலாந்தில் வைத்தியர்களுக்கென்றே பிராக்டிஷனர் ஹெல்த் என்று ஓர் இரகசியமான சேவை இருக்கிறது. வேலையிடத்துக்குத் தெரியாமல் நேரடியாகவே அவன் தொடர்புகொள்ளலாம். லீவு முடியும்வரை பொறுக்க முடியாத நிலை என்றால் மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் மனநலப் பிரிவு உண்டு. தொலைபேசியில் என்றால் 1926, இரவு பகல் எந்நேரமும்.

ஒன்றை மட்டும் சுற்றி வளைக்காமல் கேட்டுவிடுங்கள்: 'செத்துப் போகலாம் என்று நினைக்கிறாயா?' கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வராது. குடி கூடினாலும், பொருட்களைப் பிரித்துக் கொடுக்கத் தொடங்கினாலும், தான் இல்லாவிட்டால் எல்லோருக்கும் நல்லது என்கிற மாதிரிப் பேச்சு வந்தாலும் அன்றைக்கே கூட்டிப்போக வேண்டும். வைத்தியனுக்கு எந்த மருந்து எவ்வளவு என்று தெரியும், அதனால் எங்கள் விஷயத்தில் காத்திருக்கக் கூடாது.

வேலையை விடுவது பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. விட்டால் தப்பில்லை. என்னோடு அந்த வருடம் நின்ற ஒருவர் குடும்ப வைத்தியத்துக்கு மாறினார், இப்போது நித்திரை கொள்கிறார். நான் விடவில்லை, அது வீரம் ஒன்றும் இல்லை, எனக்கு வேறு வேலை தெரியாது. லீவில் நின்று முடிவெடுக்க வேண்டாம், சிகிச்சை தொடங்கி ஆறு மாதம் கழித்து யோசி என்று மட்டும் சொல்லுங்கள். 'இவ்வளவு படிப்பிச்சும்' என்று யாராவது தொடங்கினால் கதையை மாற்றிவிடுங்கள்.

கடைசியாக அடக்கம். நான் பூசகர் இல்லை, இது வைத்திய ஆலோசனையும் இல்லை. ஆடி அமாவாசைக்கு அமிர்தகழி மாமாங்கக் கோயிலில் தீர்த்தமாடித் தகப்பனுக்குச் செய்கிற கடமை இருக்கிறது. அவனுடைய லீவு அதற்குள் விழுமோ தெரியாது, விழுந்தால் நல்லது. விழாவிட்டாலும் மயானத்துக்குப் போக நாள் பார்க்கத் தேவையில்லை. அன்று போனைப் பிடித்துக்கொண்டு நின்ற உங்கள் மகனையும் கூட்டிக்கொண்டு போங்கள். அப்போது அவன் சின்னப் பிள்ளையாக இருந்திருப்பான், மாமாவுக்குக் காட்ட முடியாமல் போனதே என்று அவன் மனதிலும் ஏதாவது இருக்கலாம். எந்த இடத்தில் நின்று பிடித்தான், யார் யார் எங்கே நின்றார்கள், எந்த நேரத்தில் சிக்னல் போனது என்று அவனே மாமாவுக்குக் காட்டட்டும். அதற்குப் பிறகு நடந்ததை நீங்கள் சொல்லுங்கள், யார் முதலில் மண் போட்டது என்பதிலிருந்து.